களுவின் கழுத்துக் கட்டி

லக்கலயில் எங்கள் வீட்டு நாயின் பெயர் களு. சிங்களத்தில் கறுப்பு என்று அர்த்தம். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக ஆட்கள் இடம்மாறிப் போன காலத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி.

போன வருஷம் அதன் தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. எலுமிச்சங்காய் அளவு, தொட்டால் மெத்தென்று இருந்தது. வலி இருந்த மாதிரித் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமா, "ஊசியச் சுட்டுக் குத்திவிடுங்க, வடிஞ்சிரும்" என்றார். நல்லவேளை, நாங்கள் குத்தவில்லை. கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அழுக்கு ஊசி போனால் சீழும் பிடிக்கும்.

மிருக வைத்தியர் சிரிஞ்சியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். சீழ் இல்லை. தேன் மாதிரிக் கெட்டியாக, நூல் நூலாக இழுபட்டது. எச்சில்! "எச்சில் சுரப்பியோ அதோட குழாயோ கிழிஞ்சி, தோலுக்கடியில சேருது. பார்க்கத்தான் நீர்க்கட்டி மாதிரி" என்றார்.

"ஏன் வந்திச்சி?"

"கடிபட்டாலும் வரும், கழுத்து இழுபட்டாலும் வரும். நிறைய நேரம் காரணமே தெரியாது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். களுவைக் கயிற்றில் கட்டி இழுத்தது நாங்கள்தானே.

"இது திரும்பி வரும், ஒப்பரேஷன் செய்யணும்" என்றும் சொன்னார். ஆனால் வத்திப்போன கழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அது எங்கள் காதில் ஏறவில்லை. கையில் காசும் இல்லை. மூன்று கிழமையில் வீக்கம் திரும்ப வந்தது. "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டோம். ஒருநாள் ராத்திரி களு மூச்சுவிடச் சிரமப்பட்டது. இந்த எச்சில் தொண்டைப் பக்கம் சேர்ந்தால் மூச்சையே அடைக்குமாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அப்பா காயவைத்திருந்த மிளகை விற்றார். ரிவஸ்டன் வளைவுகளில் ஓட்டோ ஏறி இறங்க, களு எங்கள் மடியில் கிடந்தது.

வீக்கம் நடுக்கழுத்தில் இருந்ததால் எந்தப் பக்கச் சுரப்பி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்தபோது அது இடப்பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியையும் அதோடு ஒட்டிய நாக்கடிச் சுரப்பியையும் சேர்த்தே எடுத்தார்கள். "வாய் காய்ஞ்சிராதா?" என்று கேட்டோம். மிச்சச் சுரப்பிகள் போதுமாம்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கட்டி என்பது எச்சில் தேங்கிய குளம் மட்டும்தான், ஊற்று சுரப்பியில் இருக்கிறது. குளத்தை எத்தனை தரம் இறைத்தாலும் ஊற்று இருக்கும்வரை நிரம்பும்.

எல்லாக் கழுத்து வீக்கமும் இதுவல்ல. பூனைகளுக்குச் சண்டையில் கடிபட்டு வரும் சீழ்க்கட்டி சூடாக, வலியோடு இருக்கும். வயசான பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் தைரொயிட் சுரப்பி வீங்கியிருக்கலாம். கல் மாதிரிக் கட்டி என்றால் நிணநீர்க் கணு வீக்கமோ புற்றோ கூட இருக்கலாம். ஊசியால் எடுத்ததை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் பெரும்பாலும் பிடிபடும்.

இப்போது களுவுக்குக் கழுத்தில் கயிறு இல்லை, நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டிதான். சவரம் செய்த இடத்தில் மயிர் முளைத்துவிட்டது. ஆனாலும் தினமும் சோறு வைக்கும்போது தாடைக்குக் கீழே தடவிப் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் நீங்களும் இன்றைக்கு ஒருதரம் தடவிப் பாருங்கள்.