ஜீப்புக்கு எந்த டயர்?



போன கிழமை நமுனுகுலையிலிருந்து பசறைக்கு இறங்கும்போது, மழையில் ஒரு முடக்கில் எங்கள் ஜீப் பிரேக் பிடித்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே நாங்கள் நான்கு ஆசிரியர்கள். அல்ஹம்துலில்லாஹ், எதிரே பஸ் வரவில்லை. இறங்கிப் பார்த்தால் டயர்கள் தேய்ந்து மொட்டை.

பதுளை டயர் கடையில் பெரிய பெரிய கட்டைகள் உள்ள மட் டயரைத்தான் முதலில் காட்டினார்கள். ஜீப் ஓட்டும் நானாவுக்கும் அதில்தான் ஆசை. "தோட்டத்து ரோட்டுக்கு அதுதான் சேர் சரி" என்றார். கணக்குப் பார்த்தோம். போக வர ஓடும் 40 கிலோமீட்டரில் தோட்டத்துக் கல் ரோடு 3 கிலோமீட்டர்தான், மிச்சமெல்லாம் காபட். மட் டயர் சேற்றில் நன்றாக இழுக்கும். ஆனால் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூட என்பதால், நனைந்த தாரைப் பிடிக்கும் ரப்பர் குறைவு. இரைச்சலும் டீசல் செலவும் வேறு. வெறும் ரோட் டயர் போட்டாலோ கூர்க்கல்லில் பக்கம் கிழிந்துவிடும் என்ற பயம். கடைசியில் ஓல் டெரெய்ன். அதிலும் கட்டைகள் நெருக்கமாக, மெல்லிய வெட்டுகள் நிறைய உள்ளது. அளவை மாற்றவில்லை.

ஒரு செட் மலிவாகக் கிடைத்தது. பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் கடைசியில் 1418. அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது கிழமையில் செய்தது. பளபளத்தாலும் ரப்பர் இறுகியிருக்குமே! வேண்டாமென்று விட்டோம்.

நான்கு பேரும் சீட்டுக் காசைப் போட்டு நான்கு டயர் வாங்கினோம். ஸ்பெயார் வீல் இன்னும் பழசுதான், அடுத்த சம்பளத்தில் இன்ஷா அல்லாஹ்.