நடுவயது நாய்

நாய்க்கும் பூனைக்கும் நடுவயது என்று ஒன்று உண்டு என்பதை நம்மில் பலர் ஒப்புக்கொள்வதே இல்லை. குட்டி தெரியும், கிழம் தெரியும். குட்டியைக் கொஞ்சுகிறோம், கிழத்தைக் கண்டு பரிதாபப்படுகிறோம். இடையில் ஐந்தாறு வருஷம் அது வீட்டில் ஒரு நாற்காலி மாதிரி இருந்துவிட்டுப் போகிறது. சாப்பிடுகிறதா, சாப்பிடுகிறது. குரைக்கிறதா, குரைக்கிறது. வேறு என்ன வேண்டும்? ஆனால் பிற்பாடு வரப்போகும் கிழத்தனம் சுகமாக இருக்குமா, அவஸ்தையாக இருக்குமா என்பது பெரும்பாலும் இந்த ஐந்தாறு வருஷத்தில்தான் தீர்மானமாகிறது.

வயதுக் கணக்கிலேயே நமக்குக் குழப்பம். நாயின் ஒரு வருஷம் மனிதனுக்கு ஏழு வருஷம் என்று யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஒரு வயதில் நாய் தாயாகிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தையோ இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ கிளையைச் சேர்ந்த விஞ்ஞானிகள், லாப்ரடார் ஜாதி நாய்களாகவே நூறுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டு, வயது ஏற ஏற அவற்றின் மரபணுவில் படிகிற ரசாயன அடையாளங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். அதன்படி ஒரு வயது நாய் 30 வயது ஆளுக்குச் சமம். நாலு வயதில் 50-ஐத் தாண்டிவிடுகிறது. எட்டு வயதில் 64. முதலில் குதிரைப் பாய்ச்சல், அப்புறம் மாட்டு வண்டி. எல்லா ஜாதிக்கும் இதே கணக்குப் பொருந்தாது. பெரிய உடம்புள்ள நாய்கள் சீக்கிரம் மூப்படைகின்றன; மடியில் அடங்குகிற நாய்கள் பத்து வயதிலும் மைனர் மாதிரி திரிகின்றன.

எங்கள் வீரனுக்கு எட்டு வயது. நாட்டு நாய்தான், தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்தவன். ஒரு காலத்தில் அவனுக்குப் பயந்து கொரியர் கொண்டுவருகிற பையன்கள் பார்சலைச் சுவருக்கு மேலே வீசிவிட்டு ஓடுவார்கள். சென்ற வருஷம் அவன் போக்கு மாறிவிட்டது. வாசலில் மணி அடித்தால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்காகப் பாராட்டினார்கள். "ரொம்பச் சாதுவாயிட்டானே! வயசு ஆக ஆகப் புத்தி வந்துடுத்து" என்றார் என் மைத்துனர்.

என் தாயாருக்கு மட்டும் இந்தப் புகழ்ச்சி பிடிக்கவில்லை. அவளுக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் வலி வந்ததிலிருந்து கீழ் அறையிலேயே வாசம். ஒரு நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, இவன் இப்பல்லாம் உன்னோட மாடிக்கு வரானா?"

"இல்லையே அம்மா. கீழேதானே படுத்துக்கறான்."

"முதப் படியிலே காலை வைக்கறான், யோசிக்கறான், திரும்பிடறான். நான் மாடியை விட்டதும் இந்தத் தினுசிலேதான். யார்கிட்டயும் சொல்லாம இரண்டு மாசம் யோசிச்சிண்டிருந்தேன். எனக்காவது வாய் இருந்தது. இவனை டாக்டர்கிட்டே காட்டு."

எங்கள் டாக்டர் அம்மாள் வேப்பேரியில் படித்தவர். 1903-இல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி அது. சென்னையில் பிராணி வளர்க்கிறவர்களுக்கு அதன் வாசல் ஒரு க்ஷேத்திரம் மாதிரி. அவர் வீரனின் பின்னங்காலை மெதுவாக நீட்டி மடக்கினார். அவன் கத்தவில்லை, உதட்டை ஒரு தரம் நக்கிக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இது சாதுத்தனம் இல்லே ஸார், வலி. இடுப்பு மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கு. நல்ல வேளை, சீக்கிரமே கொண்டுவந்தீங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"என் தாயார்."

"அவங்களுக்கு வைத்தியம் தெரியுமா?"

"முழங்கால் வலி தெரியும்."

டாக்டர் சிரித்துவிட்டு அவனைத் தராசில் ஏற்றினார். 26 கிலோ. இருக்க வேண்டியது 22. என் கையைப் பிடித்து அவன் விலாவில் வைத்தார். விலா எலும்பு கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியக் கூடாது, ஆனால் விரலால் லேசாகத் தடவினால் தட்டுப்பட வேண்டுமாம். மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும். வீரனுக்கு இடுப்பு என்பதே இல்லை. உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல்லில் மஞ்சளாகக் காறை கட்டியிருந்தது. ரத்தம், சிறுநீர் இரண்டும் பரிசோதனைக்குப் போயின. இந்த வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை "வயசாயிடுச்சே" என்று நிறுத்திவிடக் கூடாது என்றார்.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பமாயிற்று. நாலு கிலோவும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், காலையில் தாயார் கையால் அரைத் தோசை, பத்து மணிக்கு இஸ்திரிக்காரர் தரும் பன், சாயங்காலம் குழந்தைகளின் பிஸ்கோத்து, இவ்வளவுக்கும் நடுவே அவனுடைய சாப்பாடு. தோசையை நிறுத்த வேண்டும் என்றதும் தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயில்லா ஜீவனைப் பட்டினி போடச் சொல்றாளா உங்க டாக்டர்?"

நான் ஆராய்ச்சியைத் துணைக்கு அழைத்தேன். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றில் பிறந்த ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குப் போட்டு, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியாயிற்று. குறைத்துச் சாப்பிட்டவை சராசரியாக 13 வருஷம் இருந்தன. மற்றவை 11 வருஷத்துக்குச் சற்று மேல். மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷ ஆயுள், கால் பங்குச் சாப்பாட்டில்! எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சந்தோஷமா இருந்துதான்னு அந்த நாய்களைக் கேட்டாளா?" என்றாள் தாயார். இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. கடைசியில் அளந்து போடும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தோம். ஒரு பழைய ஆழாக்கை எடுத்து வைத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரருக்கும் கண்டிப்பான உத்தரவு போயிற்று.

அவளை இன்னொரு விஷயத்திலும் தடுக்க வேண்டியிருந்தது. "எனக்குக் கேக்கற மாத்திரை அவனுக்குக் கேக்காதா?" என்று தன் டப்பாவைத் திறந்தாள். இதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. நம்முடைய வலி மாத்திரைகளில் சில நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பூனைக்கு ஒரே ஒரு பாரஸிடமால் எமனாக முடியும். வீரனுக்கு என்று தனி மருந்து இருக்கிறது. ரத்தம் பார்த்த பிறகுதான் அதையும் கொடுத்தார்கள். வெங்காயம் போட்ட சாம்பார்ச் சாதமும் நாய்க்கு ஆகாது. அதன் ரத்தத்தைக் கெடுக்கும். மற்றபடி வழுக்குகிற தரையில் சாக்கும் தேங்காய்நார் மிதியடியும் போட்டாயிற்று. நடை, வெயிலுக்கு முன்பு கொஞ்சம், இருட்டின பிறகு கொஞ்சம். தருமபுத்திரரோடு மலையேறிய நாய்க்கு என்ன வயது என்று வியாசர் சொல்லவில்லை. மூட்டு நன்றாக இருந்திருக்க வேண்டும்.

பூனை சமாசாரம் இன்னும் சூக்ஷ்மம். நாயாவது நொண்டும், பூனை நொண்டாது. குதிப்பதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்ததில் 90-க்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாக அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. எதிர் வீட்டு அம்மாளின் பூனைக்குப் பதினோரு வயது. சித்திரை வெயிலில் அது குளியலறை வாளியை விட்டு நகராமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி அடைமழையிலும் குடித்தது. அதைக் கண்டுதான் அந்த அம்மாள் டாக்டரிடம் ஓடினார். சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் இப்படித் தாகம் எடுக்கும் என்று அங்கே சொன்னார்கள். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

அந்த வீட்டில் வெங்காயம்கூட வாங்குவதில்லை. பூனையும் பத்து வருஷமாகப் பால் சாதத்தில் வளர்ந்தது. எலியும் பல்லியும் அதன் சொந்தச் சம்பாத்தியம். பூனைக்கு மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இருதயமும் கெடும். இருதயத்துக்கு அதனால் வருகிற கேடு 1987-இல்தான் தெளிவாயிற்று. எலிகள்தாம் இத்தனை நாள் வைத்தியம் பார்த்திருக்கின்றன போலும். இப்போது அந்த அம்மாள், சிறுநீரகம் கெட்ட பூனைக்கென்று வருகிற மாமிச டப்பாவைப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு தினம் இரண்டு வேளை திறந்து வைக்கிறார். பிறகு தலைக்குக் குளிக்கிறார். ஒன்றரை வருஷமாக இது நடக்கிறது. பூனை இளைத்திருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் மதில்மேல் வந்து உட்காருகிறது.

வீரன் இன்னும் மாடிக்கு வரவில்லை. நான்தான் ராத்திரி எழுதுகிற மேஜையைக் கீழே இறக்கிவிட்டேன். கொரியர் பையனைப் பார்த்து மறுபடி குரைக்கிறான். சென்ற மாதம் எடை போட்டார்கள். 23 கிலோ. தாயார் அதை நம்பத் தயாராக இல்லை. டாக்டர் வீட்டுத் தராசு ரிப்பேர் என்கிறாள்.