உள்மடிப்பு

நடனப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும்போது தாளத்தைப் பார்க்கிறோம், முகபாவத்தைப் பார்க்கிறோம் என்று ஆசிரியர்களாகிய நாம் வெளியே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நாம் முதலிற் பார்ப்பது, பாடசாலை அலுமாரியிற் கிடக்கும் உடை யாருக்குப் பொருந்தும் என்பதையே. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மொழித் தினப் போட்டியின் குழு நடனத்துக்கு எட்டுப் பேரைத் தெரிந்தோம். நன்றாக ஆடிய ஒருத்தியை, "அடுத்தமுறை பார்ப்பம், பிள்ளை" என்று சொல்லி நிறுத்திவிட்டோம். அவள் செய்த குற்றம் உயரமாக வளர்ந்தது. இருந்த எட்டு உடைகளுள் ஒன்றும் அவளுக்குக் கணுக்கால்வரை எட்டவில்லை. புதிது தைக்கப் பட்டுச் சேலை ஒன்று வேண்டும். வயற்கூலிக்குப் போகும் தாயிடம் அதைக் கேட்க எமக்கு வாய் வரவில்லை. கேட்காமல் விட்டதைக் கருணை என்றுகூட அன்று எண்ணிக்கொண்டோம்.

அந்த உடைகள் கவட்டில் அடிக்கடி கிழிந்தன. அவற்றைச் சீர்செய்யவே பரந்தனுக்கு அப்பால் தகரக் கொட்டிலில் வாழும் தையற்காரி ஒருவரிடம் சென்றோம். அவர் பகல் முழுவதும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றிற் சட்டையின் தோள்மூட்டை மட்டும் தைப்பவர். அச்சட்டை முழுவதாக எவ்வாறு வெட்டப்படுகிறது என்பது அவர் மேசைக்கு வருவதில்லை. உழைப்பு ஒருவரிடமும் அதன் அறிவு வேறொருவரிடமும் இருக்குமாறு பிரித்துவைத்திருப்பதுதானே இன்றைய தொழில் முறை! ஆனால் இரவில் இந்த அம்மையார் அந்த வேலியைத் தாண்டிவிட்டார். கிழிந்த பரத உடையொன்றைத் தையல் தையலாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டையும் பழைய பத்திரிகைத் தாளில் வைத்து வரைந்தார். வெட்டும் வித்தை கைக்கு வந்தது.

பிள்ளையொருத்திக்கு நாம் அளவு நாடாவைப் பிடித்தபோது அவர் சிரித்தார். "நிண்டபடி எடுக்கிற அளவு ஆடேக்க உதவாது, ரீச்சர். பிள்ளையை அரைமண்டியில இருக்கச் சொல்லுங்கோ."

கிழிசலின் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. அரைமண்டியில் முழங்கால்கள் இருபுறமும் விரிகின்றன. சாதாரணக் காற்சட்டைபோல் வெட்டினால் கவட்டுத் தையல் இழுபட்டு வெடிக்காமல் என்ன செய்யும்? அவர் கவட்டை ஆழமாக இறக்கி, அவ்விடத்திற் சாய்சதுரத் துண்டொன்றைப் பொருத்துகிறார். முன்விசிறியின் இரு ஓரங்களையும் இரு கால்களோடும் சேர்த்துத் தைக்கிறார். முழங்கால் விரிய விசிறியும் விரியும். கைகளைத் தோள்மட்டத்துக்கு நீட்டும்போது மேற்சட்டை எழும்பாதிருக்கக் கைக்குழியை ஒடுக்கமாக உயர்த்தி வெட்டுகிறார். அயர்லாந்து மக்களின் தனிநடனத்திற் கைகள் உடலோடு ஒட்டி நிற்கக் கால்களே பேசும் என்பர். அங்கே தையற்காரியின் கவலையெல்லாம் விறைத்த பாவாடை பற்றியதாயிருக்கும். ஒவ்வொரு மக்களின் ஆட்டமும் தனக்கேற்ற வெட்டை வேண்டி நிற்கிறது.

இத்தகைய தைத்த உடை தொன்றுதொட்டு வந்தது, அதிற் கைவைக்கலாகாது என்பாருமுளர். 1935 இல் அடையாற்றில் அரங்கேறிய ருக்மிணி தேவி, கோயிற் சிற்பங்களைப் பார்த்தும், மதாம் கசான் என்னும் இத்தாலியத் தையற்காரியின் துணைகொண்டும் ஆடலுடையைப் புதிதாக அமைத்தவர் என்பது வரலாறு. நாம் மரபென்று கைகூப்பும் உடையிலும் ஒரு தையற்காரியின் கத்தரிக்கோல் ஓடியிருக்கிறது. அவ்வாறிருக்கப் பரந்தன் கத்தரிக்கோலுக்கு மட்டும் ஏன் தடை?

எமது எட்டு உடைகளும் 2009 யுத்தத்தில் யாவும் இழந்து மீண்ட ஊருக்கு, வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசில் தைக்கப்பட்டவை. அவர் அவற்றுள் ஒன்றைப் புறம்மாற்றி விளக்கடியிற் பிடித்தார். கணுக்காலிற் சேலைக் கரை வருவதால் அங்கே மடித்தால் அழகு கெடும். ஆகையால் முதலில் தைத்த கை, கரைக்கு மேலே உட்புறமாக மூன்று அங்குலத் துணியை மடித்து ஓடுதையல் போட்டு வைத்திருந்தது. இரு விலாவிலும் இவ்விரண்டு அங்குலம். விசிறியிலும் அவ்வாறே. எட்டு உடைகளிலும் அப்படியே இருந்தது.

"வளருற பிள்ளையளுக்கெண்டு விட்டிருக்கினம், ரீச்சர். ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கேல்லையோ?"

நாம் மறுமொழி சொல்லவில்லை. மூன்று அங்குலம் அந்தப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். அவள் பாடசாலையை விட்டு இரண்டு ஆண்டுகளாகின்றன; காலை ஆறு மணிக்குச் சந்தியில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்பதைக் கண்டிருக்கிறோம். கண்டால் இன்றும் "வணக்கம் ரீச்சர்" என்கிறாள்.

இவ்வாண்டு ஆடத் தெரிந்தவரை முதலில் தெரிந்து, பின்பே உடைகளை அவிழ்த்தோம். பழைய பட்டு வெளுத்திருக்க, மடிப்புக்குள் இருந்த துணி கடுஞ்சிவப்பாய்ப் புதுமை குன்றாதிருந்தது. மேடையில் எட்டுச் சோடிக் கால்களிலும் கரைக்கு மேலே அந்த மூன்று அங்குலப் பட்டை தெரிந்தது. நடுவர் ஒருவர் அதை உடையின் குறையென்று எழுதிப் புள்ளி குறைத்தார்.