இலவச டிவியில் பார்த்த போர்

2009 மே மாதம். குற்றாலத்தில் இன்னும் சாரல் விழவில்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது. தென்காசியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிவியில் இலங்கையின் வன்னிப் போர் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் மடியில் சுளகோடு பீடி சுற்றுவார். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டுகிற கை நிற்காது. கண் மட்டும் அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியில் இருக்கும். பதுங்கு குழியில் கிடந்த ஒரு பிள்ளையைக் காட்டியபோது கை நின்றது. முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

நான் ஓய்வுபெற்ற வாத்தியார். மக்களவைத் தேர்தல் நேரம். "இந்தத் தடவை டெல்லிக்காரனுக்குப் பாடம்தான்" என்று டீக்கடையில் அடித்துச் சொன்னேன். சொல்லக் காரணமும் இருந்தது. ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவனில் போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் தீக்குளித்திருந்தார். ஏப்ரல் 27 அன்று மெரினாவில் உண்ணாவிரதம் உட்கார்ந்த முதல்வர் கலைஞர், போர் நிற்கிறது என்று சொல்லி மதியமே முடித்துக்கொண்டார். அதுவரை புலிகளை ஏசிவந்த ஜெயலலிதா, தனி ஈழமே அமைப்பேன் என்றார்.

மே 13 வாக்குப்பதிவு. 16ஆம் தேதி எண்ணினால் தி.மு.க.-காங்கிரஸ் அணிக்கு 39இல் 27! ஈழத்துக்காகப் பேசியே பொடா சட்டத்தில் சிறை போன எங்கள் கலிங்கப்பட்டி வைகோ, தன்னை உள்ளே வைத்த ஜெயலலிதாவின் அணியில் நின்று விருதுநகரில் தோற்றார். காங்கிரஸின் மணிசங்கர் ஐயர், இளங்கோவன், தங்கபாலு தோற்றதைக் காட்டி நான் வாதாடினேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் தென்காசியைப் பாருங்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கதிர் அரிவாளில் லிங்கம் ஜெயித்தார். 2004இலும் இங்கே கதிர் அரிவாள்தான். அப்போது அது கலைஞர் பக்கம், இப்போது அம்மா பக்கம். இதில் ஈழ ஓட்டை எங்கே போய்த் தேடுவது?

ஈரமில்லாத சனம் என்று டீக்கடையில் ஏசிவிட்டு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "அன்னைக்கு அப்படி அழுதியே, ஓட்டை எங்கம்மா போட்ட?"

"எதுல குத்துனா அங்க குண்டு நிக்கும்னு சொல்லுங்க சார், அதுலயே குத்தியிருப்பேன். ஒத்த ரூவா அரிசி எதுல வருதுன்னுதான் எனக்குத் தெரியும்."

என்னிடம் பதில் இல்லை. எந்த அணி ஜெயித்தாலும் கொழும்பில் ஒன்றும் மாறப்போவதில்லை என்பது, பேப்பர் படிக்கிற எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மே 18 அன்று போர் முடிந்ததாக இலங்கை அறிவித்தது. அன்றைக்கு அவர் வீட்டில் டிவி ஓடவில்லை. சாயங்காலம் கடையில் கொடுக்க வேண்டிய பீடிக் கட்டும் பாதிதான் ஆகியிருந்தது.