பளபளப்பு பொய் சொல்லாது

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், பாஹுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். கிணற்றில் எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகரைத் தரிசிக்க ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் என மூன்று மாநில வண்டிகளும் வருகின்றன. பல வண்டிகள் பூஜைக்காகவே வந்தவை. பானெட்டில் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

இந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. இங்கே பொய்ச் சத்தியம் செய்யப் பலரும் அஞ்சுவார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறுகள்கூடச் சன்னதியில் தீர்ந்துவிடும். நதியின் பெயரிலும் ஒரு நேர்மைக் கதை. கேட்காமல் மாம்பழம் பறித்துத் தின்ற குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு கைகளை இழந்தவர் லிகிதர். அவருக்குக் கைகளைத் திருப்பித் தந்ததால் அது பாஹுதா என்கிறது புராணம்.

பூஜைக்கு நிற்கும் வண்டிகள் எல்லாமே புதியவை அல்ல. அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, மறு பெயின்ட் அடித்தவையும் உண்டு. நிழலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும். உச்சி வெயிலில்தான் வித்தியாசம் தெரியும். நன்றாகச் செய்த கதவில் எதிரே நிற்பவரின் முகம் கண்ணாடிபோலத் தெரியும். அவசர வேலையில் அதே முகம் நெளியும்.

காரணம் எளியது. மேற்பரப்பு சமமாக இருந்தால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. சமப்படுத்தும் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளில் நடக்கிறது. துருவைச் சுரண்டி, பள்ளத்தில் மட்டும் மெல்லிய பட்டி வைத்து, பிரைமர் அடித்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். வண்ணத்துக்கு ஆழம் தருவது இதுதான். காய்ந்தபின் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி விழுந்திருந்தால், 1500, 2000 எண் தாள்களால் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போடுவார்கள். கிளியர் கோட்டின் கனம் சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கை கொஞ்சம் அழுந்தினால் அத்தனை உழைப்பும் வீண்.

ஒரு காலத்தில் கார் பெயின்ட் காய வாரக்கணக்கில் ஆகும். 1923இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களுக்கு வந்த டூகோ லாக்கர் அந்தக் காத்திருப்பைக் குறைத்தது. இன்று இரண்டு திரவங்களைக் கலந்து பெயின்ட் அடிக்கிறார்கள். ஆனால் இறுகச் செய்யும் திரவத்தில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. குழாய் வழியே சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். பேரம் பேசும்போது வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் முதலில் வெட்டும் செலவு பெரும்பாலும் இதுதான். மினுமினுப்புக்கான விலையை ஸ்பிரே கன் பிடித்தவரின் நுரையீரல் கொடுக்கிறது.

பழைய வண்டி வாங்குபவர்கள் துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது உண்டு. இரும்புத் தகட்டில் அது பிடிக்காமல் நழுவினால், அடியில் கனமான பட்டி இருக்கிறது. விற்பவர் என்ன சொன்னாலும் கதவே உண்மையைச் சொல்லிவிடும்.

பூஜை முடிந்ததும் சந்தனத்தையும் புழுதியையும் உலர்ந்த துணியால் துடைப்பவர்கள்தான் அதிகம். அதில் விழும் கீறல்கள் அடுத்த வெயிலில் வலைபோலத் தெரியும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே நல்லது.