கடல் வேட்டையும் வரம்பும்

நிலத்தில் வாழும் மாந்தன் வயலுக்கு வரப்பிட்டான், தோட்டத்திற்கு வேலியிட்டான், ஊருக்கு எல்லை வகுத்தான். கடல் ஒன்றே வேலிக்குள் அடங்காதது. ஆகலின் கடலில் இறங்குவோன் தன் வரம்பைத் தானே வகுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன் ஆகிறான். சிறு படகில் ஆழ்கடல் சென்று தூண்டிலால் பெருமீன் பிடிக்கும் விளையாட்டை முன்னிறுத்தி இவ்வுண்மையைச் சிந்திப்போம்.

ஆரணிப் பகுதியின் பட்டுத் தறிகளுக்கு அண்மையில், தெள்ளாற்றில் வாழும் நமக்குக் கடல் எதற்கு என வினவுவார் உளர். தெள்ளாற்றுப் போரில் வென்று 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழி பெற்ற மூன்றாம் நந்திவர்ம பல்லவனுக்கு 'அவனிநாரணன்' என்பதும் ஒரு பெயர். தாய்லாந்து நாட்டுத் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் அது ஒரு குளத்தின் பெயராக விளங்குகிறது. நம் ஊரில் வென்றவன் புகழ் கடல் கடந்தும் சென்றது.

தறிக்கும் தூண்டிலுக்கும்கூட உறவுண்டு. செயற்கை இழை தோன்றுமுன் மேலைநாட்டார் தூண்டில் முள்ளோடு கட்டிய நரம்பு பட்டுப்புழு தந்ததேயாகும். ஸ்பெயின் நாட்டு மூர்சியாப் பகுதியில், கூடு கட்டவிருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை நீள இழுத்து உலர்த்தி அந்நரம்பை ஆக்கினர். 1930களின் இறுதியில் நைலான் தோன்றியபின் அத்தொழில் நலிந்தது. நம் கடற்கரையார் தங்கூசி என்று வழங்குவது இந்த நைலான் நரம்பையே.

சங்கத் தமிழர் கடல் வேட்டையின் இடரையும் வரம்பையும் ஒருங்கே அறிந்திருந்தனர். குறுந்தொகை 269ஆம் பாடலில் சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் பெருங்கடல் புகுகிறான். தாய் உப்பை மாற்றி நெல் கொணரச் செல்கிறாள். பட்டினப்பாலை காட்டும் பரதவரோ முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது ஓய்ந்து, சுறாக் கொம்பை நட்டு வழிபட்டு உண்டு மகிழ்கின்றனர். பசியும் இடரும் மிக்க அவ்வாழ்விலும் 'இன்று வேட்டை இல்லை' என ஒரு நாள் இருந்தது.

மாணவர்களோடு திண்டிவனம் வழியாக மரக்காணம் கடற்கரைக்கு ஒருமுறை சென்றிருந்தோம். கைத்தூண்டிலால் வஞ்சிரம் பிடித்துப் பழகிய பெரியவர் ஒருவர், நரம்பு அறுத்த தழும்புகள் நிறைந்த தம் விரல்களைக் காட்டினார். "பெரிய மீனை விட்டுத்தான் சார் பிடிக்கணும். விடாம இழுத்தா ஒண்ணு நரம்பு போகும், இல்ல விரல் போகும்" என்றார். விட்டுப் பிடித்தல் என நாம் நாளும் வழங்கும் தொடரின் முழுப்பொருளை அன்று உணர்ந்தோம். விளையாட்டுக்காக மீன் பிடிப்போரின் கோலில் உள்ள சுருள் செய்வதும் இதுவே. மீன் வலிந்து இழுக்கும்போது நரம்பை நழுவ விட்டு, அது தளரும்போது சுற்றிக்கொள்கிறது.

இவ்விளையாட்டு அந்தமான் போன்ற வெப்பக் கடல்களில் இன்று பரவியுள்ளது. பவளத்திட்டுகளுக்கு அப்பால், கடல் சட்டென்று ஆழமாகும் விளிம்பில் பொய்யிரையை இழுத்தபடி படகு செல்லும். முதுகில் பாய் விரித்த மயில்மீன், சூரை, பாரை முதலியன அதனைக் கவ்வும். இதற்கு நெறி வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் சார்லஸ் பிரெடெரிக் ஹோல்டர். கலிபோர்னியாவின் கேட்டலினாத் தீவருகே தடித்த கயிறுகளால் மீன்களைக் குவித்து வீணாக்குவதைக் கண்டு, 1898இல் அவர் சூரை மீன் கழகம் ஒன்றை நிறுவினார். மெல்லிய நரம்பால், பிறர் உதவியின்றிப் பிடிப்பதே பெருமை என அக்கழகம் விதித்தது. பேராசைக்கு அஃது ஒரு வரம்பு. எனினும், நரம்பு மெலிய மெலிய மீனின் போராட்டம் நீள்கிறது. ஆடுவோர்க்கிடையே நேர்மை தரும் விதி மீனுக்கு இரக்கம் தருவதாகாது.

நம் மார்க்கம் இதற்கு என்ன கூறுகிறது? திருக்குர்ஆனின் 'அல்மாயிதா' அத்தியாயம், இஹ்ராம் அணிந்தோர்க்கு நில வேட்டையை விலக்கியபோதும் கடல் வேட்டையை ஆகுமாக்குகிறது. அதனை மக்களுக்கும் பயணிகளுக்கும் பயன்தரும் உணவாகவே குறிப்பிடுகிறது. 'அல்அஃராஃப்' அத்தியாயமோ கடலோர ஊரார் சிலரின் வரலாற்றை உரைக்கிறது. சனிக்கிழமை வேட்டை அவர்களுக்கு விலக்கப்பட்டது. மீன்களோ அந்நாளிலேயே நீர்மேல் வந்தன. ஆசை வென்றது, அவர்கள் வரம்பு மீறினர். மீன் கண்முன் நிற்கும்போது கையை மடக்குவதே அங்கு வைக்கப்பட்ட சோதனை. உயிருள்ள எதனையும் அம்புக்கு இலக்காக வைத்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும் எண்ணத்தக்கது. எனவே உண்பதற்குப் பிடிப்பதில் தடையில்லை; துடிப்பைக் கண்டு களிப்பதற்கென்றே பிடிப்பதை நம் உள்ளம் ஏற்கவில்லை.

பிடித்த மீனை மீண்டும் கடலிலேயே விடும் வழக்கம் இன்று விளையாட்டாளரிடையே வளர்ந்துள்ளது. தூண்டில் நுனியின் எதிர்முள்ளை நசுக்குகின்றனர். தொண்டையில் இறங்காது வாயோரத்தில் தைக்கும் வட்டமுள்ளைக் கொள்கின்றனர். நீருக்கு வெளியே தூக்காமலே கழற்றி விடுகின்றனர். நற்செயலே. ஆயினும் நெடுநேரம் போராடிச் சோர்ந்த மீன், விட்டபின்னும் மடிதல் உண்டு. ஆகலின் விடுவது மட்டும் அறமாகாது. விரைந்து விடுவதே அறம்.

எதிர்முள் இல்லாத தூண்டிலை இவர்கள் புதிதாகக் கண்டாரல்லர். இலட்சத்தீவின் மினிக்காயில் நம் சமயத்தவர் தலைமுறை தலைமுறையாக அதனைக் கையாள்கின்றனர். உயிருள்ள சிறுமீன்களை வீசி, நீரைத் தெளித்துச் சூரைக் கூட்டத்தை அழைத்து, கோலால் ஒவ்வொன்றாகத் தூக்குவர். ஒரு முள்ளுக்கு ஒரு மீன். வேண்டாத உயிர் சிக்குவது மிக அரிது. நம் இல்லங்கள் நன்கறிந்த மாசி, அச்சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்தியதே.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்களின் இனப்பெருக்கத்திற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உள்ளது. முழுமதி நாளின் ஓய்வு இன்று சட்டமாகியுள்ளது எனலாம். சட்டம் கரையில் நிற்கும். நடுக்கடலில் கையில் நரம்போடு இருப்பவனுக்கு இறையச்சமே காவல்.

மாணவச் செல்வங்களே! கடல் மட்டுமன்று, நும் முன் விரியும் வாழ்வும் வேலியற்றதே. கைக்கு எட்டுவன யாவும் நமக்கு உரியன அல்ல. எடுப்பதில் அளவும், விடுவதில் விரைவும் பழகுவீராக!