அப்பாவுக்கு ஒரு காபி மெஷின்

முதல்லயே சொல்லிடறேன், இது காபி ஞானிகளுக்கான பதிவு இல்லை. க்ரெமா எத்தனை மில்லிமீட்டர் நிக்குது, கொட்டையில எலுமிச்சை வாசனை வருதா, பிளம் வாசனை வருதான்னெல்லாம் ஆராய்ச்சி பண்ண வேற ஆட்கள் இருக்காங்க. என் கேள்வி ரொம்ப சின்னது. 76 வயசுல ஒருத்தர், காலையில நாலரை மணிக்கு, வீட்டுல யாரையும் எழுப்பாம, கையைச் சுட்டுக்காம, தானே ஒரு காபி போட்டுக் குடிக்கணும். கையில 300 யூரோ இருக்கு. எந்த மெஷின்?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்பா கும்பகோணத்துல தனியா இருக்கார். இப்ப மூணு மாச விசாவுல மியூனிக் வந்திருக்கார். கையில நடுக்கம். பார்க்கின்சன் இல்லை, வயசானா சிலருக்கு வர்ற நடுக்கம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். பேனா பிடிப்பார், பேப்பர் மடிப்பார், பூட்டுல சாவி போடுவார், எல்லாம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும், அவ்வளவுதான். ஆனா கொதிக்கிற தண்ணியை ஃபில்டர் வாயில ஊத்தறது மட்டும் முடியலை. ஊர்ல ஒரு தடவை கட்டைவிரல் வெந்து போச்சு. அதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு மாமி, அப்பா இல்லை.

இங்க வந்த முதல் வாரம் ஒரு நாள் விடியக்காலம் தண்ணி குடிக்க எழுந்தேன். ஹால்ல விளக்கு போடாம உட்கார்ந்திருக்கார். "என்னப்பா, காபி போட்டுத் தரட்டுமா?"ன்னா, "நீ ஆபீஸ் போற பொண்ணு, போய்ப் படும்மா. ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்"கறார். நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கார். நாற்பத்தெட்டு வருஷம் அம்மா கொடுத்த நேரம் அது. மறுநாளே தேட ஆரம்பிச்சேன்.

ரங்கமணி முதல்ல சொன்னது கேப்ஸ்யூல் மெஷின். நூறு யூரோவுக்குக் கீழேயே கிடைக்குது, உள்ள போட்டு அழுத்தினா முடிஞ்சுது. ஆனா ஒரு கேப்ஸ்யூல்ல அஞ்சாறு கிராம் பொடிதான் இருக்கும். ஒண்ணு 40 சென்ட்னு வச்சா கிலோ எழுபது யூரோவைத் தாண்டும். அதே ஊர்ல காபிக் கொட்டை கிலோ 15, 20 யூரோ (அதுலயும் ஜெர்மன் அரசாங்கம் வறுத்த காபிக்குன்னே கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி போடுது!). நம்ம வீட்டுக்கு ஒரு கேப்ஸ்யூல் பத்தாது, டம்ளருக்கு ரெண்டு வேணும். அதோட ஐடியா அவுட்.

அடுத்தது, கொட்டையைப் போட்டா தானே அரைச்சு, தானே அழுத்தி, தானே இறக்கித் தர்ற முழு ஆட்டோமேட்டிக். ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். அங்க இருந்த பையன் பேச ஆரம்பிச்சதும் ரங்கமணி முகம் 300லேர்ந்து 700க்குப் போயிடுச்சு. :-) திரை, ஆப், பதினாறு வகை பானம். 15 பார் அழுத்தம்னு பெட்டியில பெருசா போட்டிருக்கான். இது சும்மா விளம்பரம்ங்க. எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டியது சுமார் 9 பார்தான். 15ங்கறது பம்போட உச்சபட்ச திறன், உங்க கப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. விலையைப் பிரிக்கிறது அது இல்லை.

விலையைப் பிரிக்கிறது பால். இதைத்தான் நம்மாளுங்க கவனிக்கணும். அடிப்படை மாடல்ல பால் நுரைக்க ஒரு நீராவிக் குழாய் மட்டும் இருக்கும். நூறு, நூத்தைம்பது யூரோ கூடக் கொடுத்தா பால் குடுவையோட வரும், பட்டனைத் தட்டினா நுரைச்ச பால் தானே வந்து விழும். நடுங்கற கைக்கு இதுதானே சரின்னு நானும் அதுக்கே போக இருந்தேன். நல்ல வேளையா ஒரு சிநேகிதி வீட்டுல அந்த மாதிரி ஒண்ணு இருந்துது. அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். ஒரு வாய் குடிச்சார். "நல்லா இருக்கும்மா. ஆறிப்போன காபியை நல்ல கப்புல கொடுத்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கு"ன்னார்.

விஷயம் என்னன்னா, இந்த மெஷின் எல்லாம் பாலை அறுபது, அறுபத்தஞ்சு டிகிரிக்குத்தான் சூடாக்கும். இத்தாலிக்காரன் கணக்குப்படி அதுதான் சரி, அதுக்கு மேல போனா நுரையும் இனிப்பும் கெட்டுடும். டபராவுல ஆத்தி ஆத்திக் குடிக்கற நமக்கு அது வெதுவெதுப்பு. அது தவிர குடுவையை தினம் கழுவி, ஃபிரிட்ஜ்ல வச்சு, மறுபடி மாட்டணும். மாட்டறதுக்குத்தான் கை நடுங்காம இருக்கணும்.

அதனால பால் குடுவை இல்லாத மாடல்னு முடிவாச்சு. கடைசியா நின்னது ரெண்டு. பிலிப்ஸ் 2200, டெலாங்கி மேக்னிஃபிகா எஸ். ரெண்டுமே 1.8 லிட்டர் தண்ணித் தொட்டி. ரெண்டுலயும் காபி இறங்கற உள்பகுதியை வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணியில கழுவலாம். இது எனக்கு ரொம்ப முக்கியம். ஈரச் சக்கை ஒட்டிக்கிட்டே இருக்கற இடம் அது, விட்டா பூசணம் பிடிக்கும். சில விலை கூடின பிராண்டுல அதை நாம எடுக்கவே முடியாது, மாத்திரை போட்டுத்தான் சுத்தம் பண்ணணும். மூடின பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது.

பிலிப்ஸ்ல தொடுபலகை. அப்பா விரல் வச்சா சில சமயம் ரெண்டு தடவை எடுத்துக்குது, சில சமயம் எடுத்துக்கவே மாட்டேங்குது. டெலாங்கியில அழுத்தற பட்டன், திருகற குமிழ். படம் போட்டிருக்கு, எழுத்து படிக்க வேண்டாம். தண்ணித் தொட்டியும் சக்கைப் பெட்டியும் முன்பக்கமே வருது. பார்க்கப் பழைய கால ரேடியோ மாதிரிதான் இருக்கு, ஆனா அப்பா கை அதுலதான் தானா போச்சு. 300 யூரோவுக்கு நாலு சென்ட் குறைச்சல். வாங்கியாச்சு.

பால் பிரச்சினையை அப்பாவும் நானும் உட்கார்ந்து தீர்த்தோம். கைப்பிடி வச்ச தடிமனான பீங்கான் கப்பு. ராத்திரியே சர்க்கரையும் பாதி கப்பு பாலும் ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சுடுவேன். காலையில எடுத்து மைக்ரோவேவ்ல ஒரு நிமிஷம் இருபது செகண்ட். அப்படியே கொண்டுவந்து மெஷின் மூக்குக்குக் கீழே வச்சு, ரெண்டு கப்பு பட்டன். எஸ்பிரஸ்ஸோ நேரா சூடான பால்லயே இறங்கும். சூடான எதையும் ஒரு பாத்திரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு ஊத்தற வேலையே கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன்: மெஷினை ஆன் பண்ணினதும் அது கொஞ்சம் சுடுதண்ணியைத் துப்பும், அதுக்கு அப்புறம்தான் கப்பை வைக்கணும். "வாய் கொப்பளிச்சிடுச்சு, இனி காபி கொடுக்கும்"னு அப்பா அதுக்கு ஒரு வசனமே வச்சிருக்கார்.

சத்தம்தான் இன்னும் உறுத்தல். இங்க ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரை அமைதி நேரம். கொட்டை அரைபடற பத்து செகண்டும் கல்லு மேல தகரம் இழுக்கற மாதிரி இருக்கும். அரைச்ச பொடியைப் போட தனி வாய் இருக்கேன்னு பாத்தேன். ஆனா மெஷின் ஓடும்போதுதான் பொடி போடணும், அணைஞ்சிருக்கும்போது ராத்திரியே போட்டு வச்சா உள்ளே சிதறும்னு கையேட்டுல கண்டிப்பா எழுதியிருக்கான். ஸ்பூன் வேலைன்னா அப்பாவுக்கு ஆகாது. அடியில ஒரு பழைய துண்டை மடிச்சுப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கறார். கீழ்வீட்டு அம்மா இதுவரை ஒண்ணும் சொல்லலை.

ருசி? ஃபில்டர்ல பொடியும் தண்ணியும் கால் மணி நேரம் ஒண்ணா இருந்து மெதுவா சொட்டும். இங்க அரை நிமிஷத்துல அழுத்தித் தள்ளிடுது. ரெண்டும் ஒண்ணாகாது. அதோட சிக்கரி கிடையாது. நம்ம ஊர் கலவையில 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி சேர்க்க சட்டமே அனுமதிக்குது, அந்தப் பொடியை மெஷின்ல போட்டா தண்ணி பட்டதும் கொழகொழன்னு அடைச்சுக்கும். நான் சிக்கரியை மட்டும் பழைய ஃபில்டர்ல இறக்கி ஒரு சின்ன பாட்டில்ல ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன், ராத்திரி பால்ல ரெண்டு ஸ்பூன். கொட்டை வாங்கும்போது எண்ணெய் வடிஞ்சு பளபளன்னு இருக்கற கறுப்புக் கொட்டை வேண்டாம், அரைக்கற இடத்துல பிசுக்கு சேரும். அப்பா ஊர்லேர்ந்து கொண்டுவந்த பீபெர்ரியை அரைக்காம முழுசாவே போட்டேன், நல்லாவே வருது. மியூனிக் தண்ணி கடினத் தண்ணி, பெட்டியோட வர்ற காகிதப் பட்டையை நனைச்சுப் பாத்து அளவை செட் பண்ணிக்குங்க. உப்பு நீக்க வினிகர் ஊத்தாதீங்க, ரப்பர் வளையம் போயிடும்.

போன வாரம் ஒரு நாள் ஆறு மணிக்கு எழுந்தா, எனக்கும் ஒரு கப்பு போட்டு மேஜையில மூடி வச்சிருந்தார். ஆறிப்போயிருந்துது. குடிச்சேன்.

அடுத்த மாசம் 18ஆம் தேதி அவருக்கு டிக்கெட். மெஷினைக் கொண்டுபோகலாமான்னு நான்தான் கேட்டேன். வோல்டேஜ் பிரச்சினை இல்லை, அங்கயும் 230தான். ஒன்பது கிலோ எடை, அங்க ரிப்பேர் ஆனா யார்கிட்ட கொண்டுபோறதுன்னு தெரியாது, வேண்டாம்னுட்டார். கும்பகோணத்துல, சுவிட்ச் போட்டா டிகாக்‌ஷன் தானே இறங்கற டிரிப் மெஷின் ஒண்ணு வாங்கித் தர்றதா அண்ணன் சொல்லியிருக்கான். கண்ணாடிக் குடுவை இல்லாம, கனம் இல்லாத ஸ்டீல் குடுவையோட எது வருதுன்னு இப்ப தேடிட்டு இருக்கேன்.